விதைக்கு விட வேண்டிய பூ எது?

புதிய புஷ்ப ரகங்களை உண்டாக்குவது ஆராய்ச்சிப் பண்ணைகளில் உள்ள நிபுணர்களுக்கே உரிய காரியம் என்பது விவசாயிகளிற் பலர் கொண்டுள்ள எண்ணம். ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவிற் சேர்ப்பதே அவ்வேலையின் உயிர் என்றும், அந்த வித்தையை அறியாதவர் புதிய ரகத்தைக் காண இயலாதென்றும் அவர்கள் கருதுகின்றனர். இவ்வெண்ணம் பெரிதும் பிழையானது. கலப்புச் செய்தல் சில நாள் வேலை. அதன் பின்னர் எந்தச் செடியை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கி எறிவது என்று போகத்துக்குப் போகம் தீர்மானிப்பதே பல வருஷ வேலை. பின்னதற்குக் கண்ணும் பொறுமையும் கண்டிப்பும் வேண்டுமேயன்றி விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை.

இதற்குச் செண்டுமல்லியே தக்க உதாரணமாகும். சில ஜில்லாக்களில் கேந்தி என்றும் வழங்கும் இச்செடி, கோயில் மாலைக்கும் கலியாணப் பந்தலுக்கும் இன்றியமையாததாகிவிட்டபடியால், இந்நாட்டிலேயே பிறந்தது எனப் பலர் நம்புகின்றனர். உண்மையில் அதன் தாயகம் மெக்ஸிக்கோ தேசமாகும். உயரமாக வளர்ந்து பெரிய பூவைத் தரும் ஜாதியை ஆப்பிரிக்கச் செண்டுமல்லி என்றும், குட்டையாகப் படர்ந்து சிறு பூவைத் தருவதைப் பிரெஞ்சுச் செண்டுமல்லி என்றும் தோட்டக்காரர்கள் அழைப்பர். பெயர்கள் எவ்வாறிருப்பினும், இரண்டும் அந்த ஒரே நாட்டிலிருந்து ஐரோப்பியர் வழியாக உலகெங்கும் பரவியவையே.

இச்செடியில் மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு ஆகிய நிறங்கள் உண்டு. தூய வெள்ளை மாத்திரம் இல்லாதிருந்தது. அமெரிக்காவில் பர்ப்பி என்னும் விதைக் கம்பெனியின் தலைவராயிருந்த டேவிட் பர்ப்பி, வெள்ளைச் செண்டுமல்லியின் விதையைக் கொணர்வோருக்குப் பதினாயிரம் டாலர் பரிசளிப்பதாக 1954-ஆம் வருஷத்தில் அறிவித்தார். அப்பரிசை 1975-ஆம் வருஷத்தில் பெற்றவர், அயோவா ராஜ்யத்தில் ஸல்லி என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஆலிஸ் வோங்க் என்னும் மாது ஆவார். அவர் தொழில்முறை ஆராய்ச்சியாளர் அல்லர்; தமது தோட்டத்தில் பூச்செடி வளர்த்து வந்தவர். அவர் கையாண்ட முறையில் மர்மம் எதுவுமில்லை. ஒவ்வொரு வருஷமும் பாத்தியிற் பூத்த பூக்களுள் மிகவும் வெளிறியவற்றைக் குறித்து, அவற்றின் விதையை மாத்திரமே எடுத்து மறு வருஷம் விதைத்தார். அறிவிப்புக்கும் பரிசுக்கும் இடையே இருபத்தொரு வருஷங்கள் கழிந்தன.

இவ்வரலாற்றில் விவசாயி கவனிக்கத்தக்கது வெள்ளை நிறமன்று. வெள்ளைச் செண்டுமல்லிக்கு இந்நாட்டுப் பூக்கடைகளில் பெருங்கிராக்கி உண்டாகும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கவனிக்கத்தக்கது, விதைக்காக விடப்பட்ட பூ எது என்பதேயாகும். அந்த அம்மையார் தமது நோக்கத்திற்கு மிகச் சிறந்த பூவை விதைக்கு விட்டார். இங்கோ பல கிராமங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. முதற் பறிப்பிலும் நடுப் பறிப்புகளிலும் வரும் பெரிய பூக்கள் யாவும் கூடையேறிச் சந்தைக்குப் போகின்றன. செடி ஓய்ந்து, விலையும் சரிந்து, பறிகூலிக்கும் கட்டாத காலத்தில் கிளை நுனியில் எஞ்சி நிற்கும் சிறு பூக்களே காய்ந்து விதையாகின்றன. எந்தச் செடியின் பூ என்று பார்ப்பாருமில்லை. பிந்திப் பூத்த செடியும், இதழ் குறைந்த செடியும், நோயினின்று தப்பிப் பிழைத்த செடியும் ஒரே பானையிற் சேர்கின்றன. பிறகு, "விதை வீரியம் கெட்டுவிட்டது" என்று நிலத்தையும் காலத்தையும் நோவதிற் பயன் யாது? நல்ல மாட்டை விற்றுவிட்டு நொண்டி மாட்டை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளும் குடியானவர் எவருமிலர். பூச்செடி விஷயத்தில் மாத்திரம் அவ்வாறு செய்வது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது.

நல்ல பூவை விதைக்கு விட்டால் வருமானம் குறையுமே என்ற ஆட்சேபம் எழக்கூடும். கணக்குப் பார்த்தால் அது நில்லாது. வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 35 சென்டிமீட்டருமாக நட்டால், ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 25,000 செடிகள் நிற்கும். அவற்றுள் மிகச் சிறந்த நூறு செடிகளை மட்டும் தேர்ந்து, செடிக்கு ஐந்து பூ வீதம் விதைக்கு விடுவதாக வைத்துக்கொண்டால், சந்தைக்குப் போகாமல் நிற்பவை 500 பூக்கள். அவற்றின் எடை மூன்று நான்கு கிலோவுக்கு மேற்படாது. நன்கு விளைந்த ஆப்பிரிக்கச் செண்டுமல்லியில் ஏக்கருக்கு ஏழு டன் வரை பூ எடுக்கலாம் என்பதை நினைத்தால், இந்த நான்கு கிலோவை நஷ்டமென்று சொல்வது பொருந்தாது. நூறு செடிகளுக்கு நாற்று நடும்போதே அடையாளம் வைக்க இயலாது. முதற் பறிப்புக்கு முன் வயலைச் சுற்றிவந்து, சாயக்கயிறு கட்டி வைத்தல் வேண்டும். அக்கயிறு கட்டிய செடியிற் குறித்த பூக்களைப் பறிப்பவர்கள் தொடலாகாது என்று கண்டிப்புச் செய்தால் வேலை முடிந்தது.

தேர்ந்தெடுப்பவர் தமக்கு வேண்டியது இன்னதென்று முன்னரே தீர்மானித்துக்கொள்ளல் அவசியம். மாலைக்கென்றால் இதழ் அடர்ந்து, அடிப்பாகம் கெட்டியாய், மூட்டை கட்டித் தோவாளைக்கோ மதுரைக்கோ அனுப்பினாலும் உதிராத பூ வேண்டும். இதழிலிருந்து லூட்டின் என்னும் நிறப்பொருளை எடுக்கும் ஆலைகளுக்கென்றால், உருவம் எப்படியிருப்பினும் ஆழ்ந்த ஆரஞ்சு நிறமே முக்கியம். இவ்விரண்டையும், உயரக் குறைவையும், முன்பூப்பையும், நோய் தாங்குதலையும் ஒரே போகத்தில் விரும்புகிறவர் ஒன்றையும் அடையார். ஒரு குணத்தைப் பிரதானமாக வைத்து, மற்றவற்றிற் பெருங்குறை இல்லாதிருக்கிறதா என்று மாத்திரம் பார்த்தால் போதுமானது.

தேர்வினால் மாத்திரம் அடைய முடியாத குணத்தைக் கலப்பினால் கொணர வேண்டியிருக்கும். டெல்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தார், கிராக்கர் ஜாக், கோல்டன் ஜூபிலி என்ற இரு ரகங்களைக் கலந்தே பூஸா நாரங்கி கேந்தா என்னும் ஆரஞ்சு ரகத்தை உண்டாக்கினர். அவ்வாறே கோல்டன் எல்லோ, ஸன் ஜயண்ட் என்பவற்றின் சந்ததியே பூஸா பஸந்தி கேந்தா என்னும் மஞ்சள் ரகமாகும். இவ்வேலையின் முறையும் விவசாயிக்கு எட்டாததன்று. செண்டுமல்லியிற் பூ என்று வழங்கப்படுவது ஒரே பூவன்று. பல சிறு பூக்களின் தொகுதி. ஓரத்திலுள்ள நாக்குப் போன்றவை பெண்பாகம் மாத்திரம் உடையவை. நடுவிலுள்ள குழல் போன்றவை இருபாலும் உடையவை. தாயாகக் கொள்ளும் பூவில் நடுக் குழல்களை அவை மலருமுன்னரே சிறு இடுக்கியால் அகற்றி, மெல்லிய துணிப் பையால் மூடி, ஓரப் பூக்களின் சூலகமுனை விரிந்தபின் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, மறுபடியும் மூடிவிட வேண்டும். பெற்றோர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைக் காம்பிற் கட்டாவிட்டால் அவ்வளவு பிரயாசையும் வீணாகும்.

இவ்விதம் கிடைத்த விதையின் முதல் தலைமுறை பெரும்பாலும் ஒரே மாதிரியாய் இருக்கும். இரண்டாம் தலைமுறையிலோ பாட்டன் பாட்டியின் குணங்கள் பலவாறாகப் பிரிந்து தோன்றும். இதைக் கண்டு மனந்தளருகிறவர் பலர். ஆனால் அந்தப் பிரிவிலேதான் புதிய ரகம் ஒளிந்திருக்கிறது. வேண்டிய குணம் அமைந்த செடிகளை மாத்திரம் வைத்துக்கொண்டு ஆறேழு தலைமுறை தேர்ந்து வந்தால் குணம் ஒருவாறு நிலைப்படும். நாலைந்து மாதப் பயிராதலால், வருஷத்திற்கு இரு போகம் எடுத்தால் மூன்று நான்கு வருஷங்களில் இது கைகூடும். ஒன்றிரண்டு செடிகளின் விதையையே தொடர்ந்து எடுத்தால் வம்சம் நலிவடையும். எப்போதும் பல செடிகளின் விதையைச் சேர்த்தே எடுத்தல் நலம். ஆப்பிரிக்க ஜாதியையும் பிரெஞ்சு ஜாதியையும் கலந்தால் பிறப்பது கோவேறு கழுதையைப் போன்றதே. அது நெடுநாள் ஓயாது பூக்கும், விதையோ தராது. ஆகவே அத்தகைய கலப்பு, விதைப் பானையை நம்பும் விவசாயிக்கு உதவாது.

கம்பெனிகள் விற்கும் வீரிய ஒட்டுவிதை இருக்கையில் இவ்வளவு தொல்லை எதற்கு என்பது மற்றோர் ஆட்சேபம். அவ்விதையின் சிறப்பை மறுப்பதற்கில்லை. செடிகள் ஒரே சீராக வளர்ந்து, ஒரே காலத்தில் பெரிய பூக்களைத் தருகின்றன. முதலீடு செய்ய வல்லவர் அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது முதல் தலைமுறை விதை என்பதை மறவாதிருத்தல் வேண்டும். ஆண்பாகம் செயலற்ற செடிகளைத் தாயாக வைத்துக் கலந்து அவ்விதையைத் தயாரிக்கின்றனர். சிக்கனம் கருதி ஒட்டுவிதைப் பயிரிலிருந்தே விதை எடுத்து மறுபடி விதைப்பவரின் வயலில் உயரமும் நிறமும் பருவமும் சிதறுவதோடு, சில வகைகளில் இதழே இல்லாத பூக்களும் தோன்றுகின்றன. அவ்வயலுக்கு உழுத கூலியும் நீரும் உரமும் குறைந்தவையல்ல. ஆகவே ஒட்டுவிதை பயிரிடுவோர் போகந்தோறும் புதிதாக வாங்க வேண்டும். விதை எடுக்க விரும்புவோர் நிலைப்பட்ட ரகத்தையே பயிரிட வேண்டும். இரண்டையும் குழப்புவதே நஷ்டத்துக்குக் காரணம்.

மேலும், பல நாடுகளுக்கும் பொதுவாக விதை தயாரிப்போர், ஒரு பிர்க்காவின் மண்ணையும் அவ்வூர்ச் சந்தையின் ருசியையும் மனத்திற் கொண்டு ரகம் உண்டாக்குவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. கிணற்று நீர் குறைந்த சித்திரையிலும் நின்று பூக்கும் செடி எது என்பதை, அந்தக் கிணற்றடியில் நிற்பவரே அறிவார். அவ்வறிவு விதையாக மாறாவிடில் அவருடனேயே மறைந்துபோகும்.

எனினும் ஒரு விவசாயி தனித்து நின்று இதைச் சாதிப்பது கடினம். செண்டுமல்லியில் தேனீக்கள் மகரந்தத்தை வயலுக்கு வயல் கொண்டு செல்வதால், பக்கத்து வயலில் வேறு ரகம் பூத்திருந்தால் தேர்ந்த விதையும் கலப்படமாகும். விதைப் பாத்திக்கும் பிற ரகங்களுக்கும் இடையே இரண்டு பர்லாங்கு தூரமாவது, அதாவது சுமார் 400 மீட்டராவது, இருத்தல் நலம். சிறு துண்டு நிலங்கள் நிறைந்த ஊரில் இதற்கு அயலாரின் சம்மதம் வேண்டும். ஊருக்கு ஒரு ரகம் என்று குடிகள் ஒத்துக்கொண்டால் ஊரே ஒரு விதைப்பண்ணையாகும். இவ்விஷயத்தில் குடிகளைக் கூட்டிப் பேசி இசையச் செய்தல், கிராம அதிகாரிகள் எளிதிற் செய்யக்கூடிய பேருதவியாகும்.

அவர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டமும் ஒன்றுண்டு. 2001-ஆம் வருஷத்துத் தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்படி, புதிய ரகத்தை உண்டாக்கிய விவசாயி, மற்ற இனவிருத்தியாளரைப் போலவே அதைப் பதிவு செய்துகொள்ள உரிமையுடையவர். அதற்கென அவரிடம் கட்டணம் வசூலிக்கப்படுவதில்லை. அந்த ரகம் ஏனையவற்றினின்று வேறுபட்டதாயும், ஒரே சீராயும், தலைமுறைதோறும் மாறாததாயும் இருத்தல் வேண்டும்; பயிரும் மத்திய சர்க்கார் அறிவிக்கை செய்தவற்றுள் ஒன்றாயிருத்தல் வேண்டும். விவசாயியின் விண்ணப்பத்துக்குப் பஞ்சாயத்துப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ ஜில்லா விவசாய அதிகாரியோ அத்தாட்சி அளிக்கலாம். ஆனால் எந்தச் செடியிலிருந்து, எந்தப் போகத்தில், எவ்வளவு விதை எடுக்கப்பட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்காதவர், தமது ரகம் தமதே என்று நாளை எவ்வாறு மெய்ப்பிப்பார்? எழுதப் பழகாத குடியானவருக்கு அந்தக் கணக்கை எழுதிக் கொடுப்பதும் ஊர் அதிகாரிகளுக்கு ஏற்ற தொண்டே.

புதிய ரகம் ஒன்றைக் கண்டுபிடிக்கும் அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்குமென்று சொல்வதற்கில்லை. இருபத்தொரு வருஷம் காத்திருக்கும் பொறுமையும் எல்லோரிடமும் எதிர்பார்க்கத்தக்கதன்று. ஆயினும், சிறந்த பூவை முதலில் விதைக்கு விட்டுப் பின்னரே கூடையை நிரப்பும் வழக்கத்தை எவரும் வரும் போகத்திலேயே கைக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய மூலதனம் நூறு துண்டுச் சாயக்கயிறும், நான்கு கிலோ பூவுமேயாகும். அதனால் புதிய ரகம் பிறக்காவிடினும், உள்ள ரகம் கெடாதிருக்கும். கெடாத ரகம் கையிலிருந்தால், அதனினும் மேலான ஒன்றைத் தேடுவதற்குப் பின்னர் வழியுண்டு.