வேலைக்குப் போன ஊரைச் சுற்றிப் பார்த்தால் குற்றமா?

ஆபீஸ் வேலையாக வெளியூர் போய்விட்டு வரும் ஆண்கள் சொல்லும் கதையை நாம் எல்லோருமே கேட்டிருப்போம். "பெங்களூர்ல மீட்டிங் மூணு மணிக்கே முடிஞ்சுது, அப்படியே லால்பாக் ஒரு ரவுண்டு போனேன்." "டில்லியில ஒரு நாள் மிச்சம் இருந்துச்சு, ஆக்ரா போய் தாஜ்மகாலைப் பார்த்துட்டு வந்துட்டேன்." நாமும் வாயைப் பிளந்து கேட்போம். வாங்கி வந்த பேடாவைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். போன வேலை என்ன ஆச்சு, செலவு எவ்வளவு, கூட யார் வந்தாங்க என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்கவே தோன்றாது.

அதே மாதிரி ஒரு பெண் போய் வந்து சொல்லட்டும், பார்ப்போம். "ஓஹோ, ஊர் சுத்தத்தான் போனியா?" என்று ஒரு குரல் சமையலறையிலிருந்தே வரும். வேலை முடிந்ததா, ரயில் ஏறினோமா, வீடு வந்து சேர்ந்தோமா என்று இருப்பவள்தான் நல்லவள். போன ஊரில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால்கூட சந்தேகம்தான்!

இதை நான் சும்மா சொல்லவில்லை. நாங்கள் மேற்கு தாம்பரத்தில் குடியிருக்கிறோம். தெற்கேயிருந்து வரும் ரயில்களில் பெரும்பாலானவை விடியற்காலையில் எங்கள் ஊரில் நின்றுதான் எழும்பூர் போகின்றன. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென் மாவட்டத்து பஸ்களும் எங்கள் பக்கத்திலேயே ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. ஆகவே எங்கள் வீடு பாதி நாள் சத்திரம் மாதிரிதான் இருக்கும். அலுத்துக்கொண்டு சொல்லவில்லை, மனுஷாள் வருவது எனக்குப் பிடிக்கும். டீச்சர் டிரெய்னிங்குக்கு வருபவர், நர்ஸ் வேலை இன்டர்வியூவுக்கு வருபவர், பேங்க் பரீட்சை எழுத வருபவர், சுய உதவிக் குழு சார்பில் கண்காட்சியில் ஸ்டால் போட வருபவர் என்று எத்தனையோ பெண்களுக்கு இந்தக் கையால் காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஊரைப் பார்த்துவிட்டுப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

என் சின்ன நாத்தனார் சங்கரன்கோவில் பக்கம் ஓர் அலுவலகத்தில் கிளார்க். வயது 35. பதினோரு வருஷ சர்வீஸ். டிரெய்னிங் என்று மூன்று தடவை சென்னைக்கு வந்திருக்கிறாள். மூன்று தடவையும் சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டு, டிவி பார்த்துவிட்டு, ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்விட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஸ்கூல் டூரில் வந்து வண்டலூர் பூங்காவைப் பார்த்துவிட்டார்கள். டூருக்குப் பணம் கட்டியவள் பார்த்ததில்லை.

நாலாவது தடவை வந்தபோது கடைசி நாள் வகுப்பு மதியமே முடிந்துவிட்டது. இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரயிலோ ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். "கிளம்பு, வண்டலூர் போகலாம்" என்றேன். "ஐயோ, வேணாம் அண்ணி" என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன்தானே!

1855-ல் சென்னை மியூசிய வளாகத்தில் ஆரம்பித்த மிருகக்காட்சிசாலை அது. அப்புறம் வெகு காலம் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்து, 1985-ல் வண்டலூருக்கு வந்தது. 602 ஹெக்டேர் என்றால் ஏக்கர் கணக்கில் 1,500-க்குக் கொஞ்சம் குறைவு. காட்டுக்குள் நடப்பது போலவே இருக்கும். வெள்ளைப்புலிக்கு முன்னால் கால் மணி நேரம் அசையாமல் நின்றாள். "எவ்ளோ அமைதியா இருக்கு பாருங்க அண்ணி" என்று என்னிடம் ரகசியம் பேசுவது போலச் சொன்னாள். நீர்யானைப் பக்கம் போனதும் அவள் போன் அடித்தது. மாமியார்.

"எங்கம்மா இருக்க? என்ன ஒரே சத்தம்?"

"அண்ணி வீட்லதான் அத்தை. டிவி ஓடுது."

எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. மாசம் பிறந்தால் சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுக்கிறவள். ஒரு மணி லேட்டாக ஆபீஸ் போனதாகக்கூட அவள் மேல் பேச்சு வந்ததில்லை. அவள் நீர்யானையைப் பார்த்ததற்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. பொய் சொன்ன பிறகு அவளுக்குப் பூங்காவே கசந்துவிட்டது. "போலாம் அண்ணி, போலாம் அண்ணி" என்று பறந்தாள். ராத்திரி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். வெள்ளைப்புலியை மட்டும் எனக்கு அனுப்பிவிட்டு, "நீங்க வெச்சிருங்க" என்றாள்.

அந்தப் படம் என் போனில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள் மாமியார் கெட்டவர் இல்லை. மருமகளுக்கு டிபன் கட்டிக் கொடுத்து ஆபீசுக்கு அனுப்புகிறவர். ஆனால் வேலைக்குப் போகலாம், வேடிக்கை பார்க்கக் கூடாது என்று ஒரு கோடு அவர் மனசில் இருக்கிறது. அந்தக் கோடு நம்மில் நிறையப் பேர் மனசில் இருக்கிறது.

"ஆபீஸ் காசுல போயிட்டு ஊர் சுத்தறது தப்பில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போனால் தப்புதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. வகுப்பு முடிந்து கையெழுத்துப் போட்ட பிறகு, ரயில் வரும் வரைக்கும் உள்ள நேரம் யாருடையது? டிக்கெட்டைத் தன் கைக்காசில் வாங்குகிறாள். அதில் யாருக்கு நஷ்டம்?

2019 அக்டோபர் 11-ம் தேதி நினைவிருக்கிறதா? சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பிரதமர் மோடியும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். இரண்டு நாட்டு விவகாரம் பேச வந்த பயணம்தான். அர்ஜுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோவில் என்று நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, கலை நிகழ்ச்சியும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அடுத்த நாள் கோவளத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. வந்த வேலையை மட்டும் பாருங்கள் என்று அவர்களிடம் யாராவது சொன்னோமா? நம் ஊர் சிற்பத்தை உலகமே பார்க்கிறது என்று டிவி முன்னால் உட்கார்ந்து பெருமைப்பட்டோம். அவர்களுக்கு ஒரு நியாயம், என் நாத்தனாருக்கு ஒரு நியாயமா?

வேலைக்கு வந்த இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எங்கள் பல்லாவரமே சாட்சி. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் நிலவியல் துறை உத்தியோகமாக வந்தவர். 1863 மே 30-ம் தேதி பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பார்த்தால் வெறும் கல்தான். ஆதி மனிதன் செதுக்கிய கோடாரி அது! இந்தியாவிலேயே முதன்முதலில் அடையாளம் கண்ட பழைய கற்காலக் கருவி. தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டிக் காய்கறி வாங்கப் போகிற எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அடுத்தாற்போல் பரங்கிமலை வருகிறது. 1802-ல் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சங்கிலி பிடித்து அளந்த கோட்டை வைத்துத்தான் இந்தியா முழுவதையும் அளக்கும் பெரிய சர்வே புறப்பட்டது. ஊரிலிருந்து வருகிற பெண்ணுக்கு ரயில் ஜன்னலிலிருந்து அந்த மலையைக் காட்டி இதைச் சொன்னாலே போதும், பத்து நிமிஷத்தில் சென்னை வேறு ஊராகத் தெரியும்.

பாதுகாப்பைப் பற்றிய பயம் நியாயமானது. அதை நான் ஒதுக்கவில்லை. தெரியாத ஊர், தெரியாத முகங்கள். திரிசூலம், பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துத் தனியாக ஏறுங்கள் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் பகல் வெளிச்சத்தில், நாலு குடும்பம் நடமாடும் இடத்தில் என்ன பயம்? பீச் - தாம்பரம் பாதையில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. வழி கேட்டால் அந்தப் பெட்டியில் ஒன்பது பேர் ஒன்பது விதமாகச் சொல்வார்கள் என்பது வேறு விஷயம்! 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசும் இல்லை.

உண்மையான கஷ்டம் வேறு. தோளில் பை. மாற்றுத் துணி, டிரெய்னிங்கில் கொடுத்த ஃபைல், பிள்ளைகளுக்கு வாங்கிய தின்பண்டம் எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை. அதைத் தூக்கிக்கொண்டு எங்கே சுற்றுவது? அடுத்தது கழிப்பறை. ஆண்கள் இந்த இரண்டையும் பற்றி யோசிப்பதே கிடையாது. எழும்பூர் போன்ற பெரிய ஸ்டேஷன்களில் பொருள் வைக்கும் அறை இருக்கிறது. பெண்கள் அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்த வேண்டும். டிரெய்னிங் நடத்துகிறவர்களும் கடைசி நாள் சாயங்காலம் வரை பையை வைத்துக்கொள்ள ஒரு மூலை ஒதுக்கினால் புண்ணியமாகப் போகும். இது பெரிய செலவு பிடிக்கிற விஷயமா?

வேலைக்குப் போகிற பெண்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. கணவரின் ஆபீஸ் பயணத்தில் கூடவே போகிற இல்லத்தரசிகளும் இருக்கிறோம். அவர் காலை ஒன்பது மணிக்குப் போய் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவார். அதுவரை லாட்ஜ் ரூமில் மின்விசிறியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு, ஊரிலேயே இருந்து ஊறுகாயாவது போடலாம். ரிசப்ஷனில் விசாரித்துவிட்டு, பக்கத்தில் ஒரு கோவிலோ மியூசியமோ பார்த்துவிட்டு வந்தால் ஆகாதா? வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான். அவர் வெளியில் போகும்போது நம்மிடம் சொல்லிவிட்டுப் போவதில்லையா, அது மாதிரி.

மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயணம் போன பெண் போன் செய்தால், "எங்க இருக்க, ஏன் லேட்டு" என்று ஆரம்பிக்காமல், "என்ன பார்த்த, சாப்பிட்டியா" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவளுக்கு வராது. எங்கே இருக்கிறாள் என்பதும் உங்களுக்கு உள்ளபடி தெரிந்துவிடும். அதைவிடப் பாதுகாப்பு வேறு என்ன இருக்கிறது?

என்னை மாதிரி சென்னைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் இப்படி யாராவது வருவார்கள். வந்தவளைச் சமையலறையில் உட்காரவைத்து ஊர்க்கதை கேட்டு அனுப்பிவிடாதீர்கள். கையில் இருக்கும் நேரத்தைக் கேளுங்கள், பையை வாங்கி வையுங்கள், முடிந்தால் கூடப் போங்கள். முழு நாள் இருந்தால் மாமல்லபுரம். அரை நாள் என்றால் வண்டலூர். பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மறந்துவிட்டு அலைய வேண்டாம். அன்றைக்கு டிரெய்னிங் முடிந்தால் குன்றத்தூருக்குக் கூட்டிப் போகலாம். சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின் மேல் முருகன் கோவில், கீழே சேக்கிழார் கட்டிய திருநாகேஸ்வரம் கோவில். இரண்டையும் பார்த்துவிட்டு இறங்கி வந்தாலும் ராத்திரி ரயிலைப் பிடித்துவிடலாம்.

- ஒரு வாசகி, மேற்கு தாம்பரம்.