மருந்தும் அருகிருப்போரும்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே திருவள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்க்கும் வைத்தியன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் ஒரு கூறு. முதல் மூன்றையும் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். எந்த வைத்தியர் கைராசிக்காரர், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போதுமா, கொழும்புக்குக் கொண்டு செல்வதா, எந்த மருந்து விரைவிற் கேட்கும் என்பனவெல்லாம் நம் வீட்டுத் திண்ணைகளில் நாள்தோறும் ஆராயப்படுகின்றன. நான்காமவரைப் பற்றிப் பேசுவோரோ அரியர். குளிசைப் பை வீடு வந்து சேர்ந்தவுடன் வைத்தியம் முடிந்துவிட்டதென்றே எண்ணிவிடுகிறோம். உண்மையில், அதன் கடினமான பாகம் அப்பொழுதுதான் தொடங்குகிறது.

‘பிறஷர்’ என்று நாம் பேச்சில் வழங்கும் உயர் இரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் நோவு தராத நோய். காய்ச்சலைப் போல உடம்பைச் சுடுவதில்லை. பல்வலியைப் போல இரவில் எழுப்புவதுமில்லை. கிளினிக்கில் ஒருநாள் அளவு சரியாக இருந்துவிட்டால், “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிறகேன் குளிசை?” என்று பெரியவர் கேட்கிறார். அளவு சரியாக இருந்ததே குளிசையினாலன்றோ என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத வீட்டிலே குளிசை நின்றுவிடுகிறது. நோய் மட்டும் ஓசையின்றித் தன் வேலையைச் செய்கிறது. இருதயமும் சிறுநீரகமும் பழுதுபடுகின்றன. மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ பாரிசவாதம் வந்துவிடுகிறது.

இஃது எங்கள் ஊர்க் கதை மாத்திரமன்று. நீண்டகால நோய்களுக்கு மருந்து பெறுவோரில், செல்வம் மிக்க நாடுகளிற்கூடச் சராசரியாகப் பாதிப்பேரே அதனை முறைப்படி உட்கொள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 ஆம் ஆண்டு தன் அறிக்கையொன்றிற் கூறியது. ஏழை நாடுகளில் நிலைமை அதனினும் கீழானது. ஆகவேதான், புதிய மருந்தைக் கண்டுபிடிப்பது போலவே, உள்ள மருந்தை மக்கள் எவ்வாறு உட்கொள்கிறார்கள் என்பதை ஆராய்வதும் இன்று ஒரு தனி விஞ்ஞானமாக வளர்ந்திருக்கிறது. அவ்வாராய்ச்சிகளுள் இரண்டு நமது இலங்கை மண்ணிலேயே நடந்தவை.

முதலாவது, 2016, 2017 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டு நகரங்களின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் நடந்தது. உயர் இரத்த அழுத்தமுள்ள 700 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கோ தெல்மிசாற்றான், அம்லோடிபின், குளோர்தலிடோன் என்னும் மூன்று மருந்துகளையும் குறைந்த அளவிற் சேர்த்து ஒரே குளிசையாகக் கொடுத்தனர். ஆறு மாதம் சென்றபின் அளந்து பார்த்தபொழுது, வழக்கமான சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 55 பேருக்கே அழுத்தம் வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது. மூன்றும் ஒன்றான குளிசையை உண்டோரில் ஏறக்குறைய 70 பேருக்கு இறங்கியிருந்தது. இம்முடிவு 2018 இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. மூன்று மருந்துகளும் சிறிது சிறிதாக ஒன்றுக்கொன்று துணை நின்றது ஒரு காரணம். நோயாளி நினைவில் வைக்கவேண்டியது ஒரே ஒரு குளிசை என்பதும் சிறிய நன்மையன்று. அடுத்த ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம், இரண்டு மருந்துகளை ஒன்றாக்கிய இரத்த அழுத்தக் குளிசைகளைத் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது ஆராய்ச்சி வள்ளுவர் கூறிய நான்காமவரைப் பற்றியதே எனலாம். இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் 30 கிராமியச் சமூகங்களைத் தெரிந்தெடுத்து, 2,645 நோயாளரை இரண்டு ஆண்டுகள் அவதானித்தனர். அவற்றுட் பாதிச் சமூகங்களில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தத்தை அளந்தனர். உப்பைக் குறைக்கவும் மருந்தைத் தவறாது உண்ணவும் புத்தி கூறினர். வேண்டியவிடத்து வைத்தியரிடம் அனுப்பினர். 2020 இல் முடிவு வெளியாயிற்று. ஊழியர் சென்ற ஊர்களில் இரத்த அழுத்தத்தின் மேலளவு, மற்ற ஊர்களைக் காட்டிலும் சராசரி 5 மில்லிமீற்றர் அதிகமாக இறங்கியிருந்தது. புதுமையான மருந்து எதுவும் அங்கு கொண்டு செல்லப்படவில்லை. வாசலில் வந்து விசாரிக்க ஒரு மனிதர் சென்றார், அவ்வளவே.

இதனை யாழ்ப்பாணத்தார் ஊன்றிச் சிந்திக்கவேண்டும். அருகிருக்கவேண்டிய பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, முதியவர் இருவரோ ஒருவரோ தனித்து வாழும் வீடுகள் நம் ஊர்களிற் பல. பிள்ளைகளின் அன்பு குறைவுபடவில்லை; தொலைபேசியில் நாளும் விசாரிக்கிறார்கள். ஊருக்கு வருவோரின் பெட்டியில் மருந்தும் கொடுத்தனுப்புகிறார்கள். அங்கேதான் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பெட்டியில் வந்த குளிசையும் கிளினிக்கிற் கொடுத்த குளிசையும் பெயரால் வேறாகி, பொருளால் ஒன்றாக இருத்தல் கூடும். பனடோல் என்பது வணிகப் பெயர். பரசிற்றமோல் என்பதே மருந்தின் பொதுப்பெயர். தடிமனுக்கென விற்கும் பல மருந்துகளிலும் அதுவே கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து அளவு மிஞ்சி உண்டால் ஈரல் பழுதுபடும்.

மருந்தைப் பொதுப்பெயரால் வழங்குவதே ஏழைக்கும் நாட்டுக்கும் நன்மை என்று வாதாடியவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. விலை குறையவேண்டும் என்பதே அவர் முதன்மையாக நாடிய பயன். ஆயினும் எதை உண்கிறோம் என்று நோயாளி அறிவதற்கும் அப்பொதுப்பெயரே வழி.

அறிவதற்கு மொழி வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப்பணி ஆற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், இதனை அன்றே உணர்ந்தார். நம் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தவை. உடம்பின் உட்கூற்றையும் இரசாயனத்தையும் தமிழிற் சொல்ல இயன்றது எனில், ‘காலையில் ஒன்று, இரவில் உணவுக்குப்பின் ஒன்று’ என்று குளிசைப் பையில் தெளிவாக எழுதுவது இயலாததா? வைத்தியர் துண்டில் எழுதும் இலத்தீன் குறுக்கங்கள் மருந்தாளருக்கு உரியவை. பாட்டிக்கு உரியது பாட்டியின் மொழி.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தின் பொதுப்பெயரையும் அளவையும் உண்ணும் வேளையையும் ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பியுடன் வைத்துக்கொள்ளலாம். எந்த வைத்தியரிடம் சென்றாலும், ஆயுர்வேத, சித்த மருந்துகள் உட்பட எல்லாவற்றையும் ஒரே பையிலிட்டுக் கொண்டுபோய்க் காட்டலாம். உடல் நோவுக்கென நாமாகவே வாங்கும் ஐபியூபுரூபன், டைக்குளோபினாக் போன்றவை இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் வல்லவை. வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடர்ந்து உண்ணலாகாது. அயல்வீட்டாருக்குச் சுகம் தந்த குளிசை நமக்கும் சுகம் தரும் என்று எண்ணுதல் பேதைமை. தலைச்சுற்றோ வேறு உபாதையோ கண்டால் மருந்தைத் தாமாக நிறுத்திவிடாது, வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்வதே முறை.

மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. பரீட்சைக்கு விஞ்ஞானம் படிக்கிறீர்கள், மிக நன்று. உங்கள் வீட்டிலோ அயலிலோ தனித்திருக்கும் பெரியவர் ஒருவரின் குளிசைப் பையை வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எத்தனை உண்டிருக்க வேண்டும், எத்தனை எஞ்சியிருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை பிழைத்தால் கோபியாமல் காரணம் கேளுங்கள். மறதியா, பயமா, எழுத்துத் தெரியவில்லையா, மருந்துக்குக் காசில்லையா என்பது அப்பொழுது வெளிவரும். வைத்தியருக்குக் கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் வெளிவராத உண்மை அது.

நல்ல வைத்தியரைத் தேடிப் போகலாம். நல்ல மருந்தை விலை கொடுத்து வாங்கலாம். அருகிருப்பவரை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அந்த இடத்தை நிரப்பவேண்டியவர் நாமே.