ஓ.எல்லில் 'ஏ', கோப்பிக் கடையில் ஊமை

மெல்பேர்னுக்குப் படிக்கப் போன எமது பழைய மாணவன் ஒருவன் முதல் வாரமே வொட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான். "சேர், பிளக் கோப்பி கேட்டன். லோங்கா, ஷோர்ட்டா எண்டு கேக்காங்க. முழிச்சிட்டு நிண்டன்." ஆங்கிலத்தில் 'ஏ' எடுத்த பிள்ளை!

வெறும் எஸ்பிரெஸோ என்றால் அங்கே ஷோர்ட் பிளக். அதையே சுடுநீரில் ஊற்றினால் லோங் பிளக். பாலோடு வேண்டுமா, ஃபிளாட் வைட் என்று கேட்கலாம். "ஹவ் யா கோயிங்?" என்றால் எங்கே போகிறாய் என்றல்ல, சுகமா என்று அர்த்தம். அரை மணி நேரப் பாடம் இது.

நாம் என்ன செய்தோம்? பெசிவ் வொய்ஸ் மாற்றவைத்தோம். ஓ.எல் வினாத்தாள் பிள்ளையைப் பேசச் சொல்வதில்லை, நாமும் சொல்லவில்லை. துணிந்து பேசிய ஒன்றிரண்டு பிள்ளைகள் பிழைவிட்டபோது வகுப்போடு சேர்ந்து சிரித்தோம்.

"எல்லாரும் வெளிநாடு போகவா படிக்கிறார்கள்?" என்று எமது ஆசிரியர்களே கேட்கிறார்கள். அறுகம்பேக்கு அவுஸ்திரேலியர்கள் சேர்ஃபிங் செய்ய வருகிறார்களே! அங்கே போர்ட் வாடகைக்குக் கொடுக்கும், ஓ.எல் பெயிலான பொடியன்மார் அவர்களோடு தாராளமாகக் கதைக்கிறார்கள். பிழைவிட்டால் சிரிப்பதற்கு அங்கே நாம் இல்லை.

வரும் திங்கட்கிழமை பாடவேளை ஒன்றில் ஆசிரியர் மேசையைக் கோப்பிக் கடையாக்கப் போகிறோம். சிலபஸ் முடியவில்லை என்று அதிபரிடம் சொல்ல விரும்புகிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.