பந்தயத்துக்குத் தடை, மதியூக விளையாட்டுக்குத் தடை இல்லை

செல்போன் வழியாகப் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதா 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22ஆம் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். இத்தகைய விளையாட்டுகளால் 45 கோடி மக்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 20 ஆயிரம் கோடி ரூபாய் இழந்துள்ளனர் என்பது மத்திய அரசின் மதிப்பீடு.

இந்தச் சட்டம் பற்றி நம் மக்களிடையே இரண்டு விதமான எண்ணங்கள் நிலவுகின்றன. 'ஆன்லைன் விளையாட்டு எல்லாமே சட்ட விரோதம். பிள்ளைகள் கையில் செல்போனே கொடுக்கக் கூடாது' என்பது ஒன்று. 'சர்க்காரே தடுத்துவிட்டது, இனி நமக்குக் கவலை இல்லை' என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. ஏன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

சட்டம் கிழித்த கோடு

முன்பு நீதிமன்றங்களில் நடந்த வாதமெல்லாம் ஒரு விளையாட்டு திறமையைச் சார்ந்ததா, அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா என்பதே. தமிழக அரசு கொண்டு வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் கவர்னரின் ஒப்புதலைப் பெற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி, அவற்றுக்கு விதித்த தடையை மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது.

மத்தியச் சட்டம் அந்த வாதத்தையே ஒதுக்கிவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பரிசுப் பணத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடினால் அது பண விளையாட்டு. அதை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்குத் துணை போகும் நிறுவனமும் தப்ப முடியாது. ஆடுபவரைச் சட்டம் குற்றவாளியாகக் கருதவில்லை.

அதே சட்டம் வேறு இரண்டு வகைகளை அனுமதிக்கிறது. ஒன்று, போட்டியாக நடத்தப்படும் மின்னணு விளையாட்டு. மற்றொன்று, பந்தயம் இல்லாமல் பொழுதுபோக்குக்காகவும் பயிற்சிக்காகவும் ஆடும் விளையாட்டு. பந்தயத் தொகையாக அமையாத வரையில் இதற்குச் சந்தாவோ நுழைவுக் கட்டணமோ வாங்கலாம். பலர் சேர்ந்து ஆடும் மதியூக விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கத்தில்தான் வருகின்றன.

மதியூக விளையாட்டு எது?

சதுரங்கமே இதற்கு முதல் உதாரணம். சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 18. இன்று செல்போன் வைத்திருக்கும் எந்தச் சிறுவனும் உலகின் எந்த மூலையில் இருப்பவருடனும் சதுரங்கம் ஆடலாம்.

இரண்டாவது உதாரணம், பின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2012ல் வெளியிட்ட 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்'. ஓர் ஊரைக் கட்டி, மதில் எழுப்பி, படை திரட்டி, பிறர் கோட்டையைத் தாக்க வேண்டும். 50 பேர் வரை ஒரு குழுவாகச் சேரலாம். எதை முதலில் கட்டுவது, எப்போது தாக்குவது என்று கணக்குப் போட்டு ஆட வேண்டிய விளையாட்டு இது. இத்தகைய மின்னணு விளையாட்டுகளுக்கு 2023ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கங்களே வழங்கப்பட்டன. ஆகவே இவற்றை வெறும் வெட்டி வேலை என்று தள்ளிவிட முடியாது.

ஒரே செல்போனில் பையும் மைதானமும்

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? தாராவியிலும் கோலிவாடாவிலும் ஒற்றை அறையில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் செல்போன் ஒன்றுதான். சம்பளம் வந்த செய்தி வருவதும் அதில்தான். ஊருக்குப் பணம் அனுப்புவதும் அதில்தான். மாலையில் பையன் விளையாடுவதும் அதே செல்போனில்தான். பணப்பையைக் கையில் கொடுத்து மைதானத்துக்கு அனுப்புவதற்கு ஒப்பானது இது.

பந்தயம் இல்லாத விளையாட்டிலும் பணம் போக வழி உண்டு. மேலே சொன்ன கோட்டை விளையாட்டில் ஆரம்பத்தில் ஒரு கட்டடம் நொடியில் முடியும். போகப் போக ஒரே கட்டடத்துக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் பணம் கொடுத்துப் பச்சைக் கற்களை வாங்கி வேலையை உடனே முடிக்கலாம். இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. பணத்தைத் திரும்பப் பெறும் நம்பிக்கையும் இதில் இல்லாததால் இது சூதாட்டமும் அல்ல. ஆனால் சிறு சிறு தொகையாகப் போவது மாதக் கடைசியில்தான் தெரியும். இதைத் தடுக்கச் சட்டம் வராது. வீட்டில் உள்ளவர்தான் தடுக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து மோசடி. 'கற்கள் இலவசம்', 'பெரிய கோட்டையோடு கூடிய கணக்கு மலிவு விலைக்கு' என்று ஆசை காட்டுவார்கள். கணக்கை விற்பதும் வாங்குவதும் விளையாட்டு நிறுவனத்தின் விதிக்கே விரோதம். 'மின்னஞ்சலில் வந்த எண்ணைச் சொல்' என்று கேட்பவனிடம் அதைச் சொன்னால் கணக்கு அவன் கைக்குப் போய்விடும்.

தொடங்குவது எப்படி?

முதலில் சதுரங்கத்தில் தொடங்குவது நல்லது. பிரான்ஸ் நாட்டவர் ஒருவர் 2010ல் தொடங்கிய 'லீசெஸ்' என்ற தளம் நன்கொடையில் நடப்பது. கட்டணமோ விளம்பரமோ இல்லை. பெயர் பதியாமலே ஆடலாம். எதிரே கம்ப்யூட்டரை வைத்து, மிக எளிய நிலையில் தொடங்கி எட்டாவது நிலை வரை முன்னேறலாம். பிள்ளைகளுக்குக் கணக்கு தொடங்கினால், பிறருடன் அரட்டை அடிக்க முடியாதபடி செய்யும் வசதியும் இருக்கிறது. தோற்றால் தெருவுக்குத் தெரியாது. ஆகவே கூச்சம் வேண்டாம்.

அடுத்து பெரிய விளையாட்டுக்குப் போகும்போது, புதியவருக்குச் சில நாட்கள் பிறர் தாக்க முடியாத பாதுகாப்பு கிடைக்கும். அந்த நாட்களில் அவசரப்படாமல் விதிகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். முகம் தெரியாதவர் குழுவில் சேருவதைவிட, திருநெல்வேலியில் இருக்கும் அத்தை மகனையும் பள்ளித் தோழர்களையும் சேர்த்துச் சொந்தக் குழு அமைப்பது நல்லது. சொந்தப் பெயர், பள்ளி, வீட்டு விலாசம், படம் எதையும் விளையாட்டில் தரக் கூடாது.

பெரியவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி செல்போனில் அமைத்துவிட வேண்டும். யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பிள்ளைகள் அறியக் கூடாது. பணம் பெறுவதற்கு அந்த எண்ணைப் போட வேண்டியதே இல்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். செயலிகளை அதிகாரபூர்வமான கடையிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். யாரோ அனுப்பும் இணைப்பிலிருந்து அல்ல. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

நேரத்துக்கும் வரம்பு தேவை. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் படிப்பும் வேலையும் உறக்கமும் கெடும் நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்துள்ளது. சிறுவர்களுக்கு மட்டுமல்ல, இரவு ஷிப்டு முடிந்து வரும் வழியில் தூக்கத்தை விட்டு ஆடும் நம் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

பந்தய நிறுவனங்களின் கதவை அடைப்பது அரசின் வேலை. வீட்டுச் செல்போனில் பணத்தையும் விளையாட்டையும் தனித்தனியே பிரித்து வைப்பது நம் வேலை. இதைச் செய்துவிட்டால் பிள்ளைகளை மிரட்டி விலக்கி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அடித்துத் தடுத்த பிள்ளை அடுத்த வீட்டுச் செல்போனில் மறைவாக ஆடும். நம் எதிரில் ஆடும் பிள்ளை, தவறு நேர்ந்தால் நம்மிடம் வந்து சொல்லும். வாரத்தில் ஒரு நாள் அப்பாவும் எதிரே உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும். பிள்ளையின் மூளை எங்கே வேலை செய்கிறது, மனம் எங்கே தடுமாறுகிறது என்பது அப்போது விளங்கும்.