வெல்லம் சாப்பிட்டா தூசி போயிடுமா?

பெரம்பலூர் பக்கம் ஜல்லி கிரஷர்ல வேலை பாக்கறவங்க பல பேர் ஒரு வைத்தியம் சொல்லுவாங்க. வேலை முடிஞ்சதும் ஒரு துண்டு வெல்லம், முடிஞ்சா ரெண்டு வாழைப்பழம். நெஞ்சுல இருக்கற தூசியெல்லாம் இறங்கிடுமாம். எங்க சித்தப்பா இதை அடிச்சுச் சொல்லுவார். அவருக்குப் பதில் சொல்லத்தான் படிக்க ஆரம்பிச்சேன். பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குய்யா இதெல்லாம்னு கேக்காதீங்க மக்களே, விஷயம் நம்ம ஏரியாதான். பேட்டர்ன் மேட்சிங்.

புதுசா ஒரு கிருமி உள்ள வந்தா அதுக்குன்னே ஆன்டிபாடி தயாராக பல நாள் ஆகும். அதுவரைக்கும் காவல் காக்கறது மேக்ரோஃபேஜ் மாதிரி செல்கள். கண்ட குப்பையையும் விழுங்கற ஆளு இது. இதுங்ககிட்ட சில உணரிகள் இருக்கு. ஒவ்வொரு கிருமியும் பேர் பேரா அதுக்குத் தெரியாது. பாக்டீரியா மேல்தோல்ல இருக்கற ஒரு கொழுப்பு, வைரஸோட ஆர்என்ஏ இப்படி பொதுவான அடையாளம் எதையாவது பார்த்தா அலாரம் அடிக்கும். கிட்டத்தட்ட ரெகுலர் எக்ஸ்பிரஷன்.

இப்படி ஒண்ணு இருந்தே ஆகணும்னு சார்லஸ் ஜேன்வே 1989லயே சொன்னார். 1996ல ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு பழ ஈயிலயும், 1998ல புரூஸ் பாய்ட்லர் குழு எலியிலயும் கண்டுபிடிச்சுக் காட்டினாங்க. ரெண்டு பேருக்கும் 2011ல நோபல். ஜேன்வே 2003லயே போய்ச் சேர்ந்துட்டார், இறந்தவங்களுக்கு நோபல் கிடையாது. அதே பரிசைப் பங்கு போட்ட ரால்ஃப் ஸ்டைன்மன் அறிவிப்புக்கு மூணு நாள் முன்னாடிதான் இறந்திருந்தார். கமிட்டிக்குத் தெரியாததால அவருக்குக் கிடைச்சுது. என்ன கணக்கோ!

நம்ம தூசி விஷயத்துக்கு வர்றேன். இந்த உணரிகள்ல ஒண்ணு என்எல்ஆர்பி3. செல்லுக்கு உள்ள உக்காந்திருக்கும். கிருமியைவிட 'உள்ள ஏதோ உடைஞ்சு போச்சு'ங்கறதைத்தான் இது கவனிக்குது. கீல்வாதத்துல மூட்டுல சேர்ற யூரிக் அமிலப் படிகம் இதை எழுப்புதுன்னு 2006ல யூர்க் சோப் குழு காட்டுச்சு. 2008ல சிலிகாவும் அதையே செய்யுதுன்னு ஒண்ணுக்கு மேற்பட்ட குழுக்கள் எழுதினாங்க.

நடக்கறது இதுதான். பாறையை உடைக்கறப்ப வர்ற நுண்தூசி, அஞ்சு மைக்ரானுக்கும் கீழ இருக்கறது, நேரா நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போகும். மேக்ரோஃபேஜ் அதை விழுங்கி அமிலப் பைக்குள்ள போட்டுச் செரிக்கப் பாக்கும். கல்லு செரிக்குமா? பை கிழிஞ்சுடும். என்எல்ஆர்பி3 அலாரம் அடிச்சு அழற்சியைக் கிளப்பும். செல் செத்துப் போகும், கல்லு அப்படியே வெளிய விழும், அடுத்த செல் வந்து அதையே விழுங்கும். எக்ஸிட் கண்டிஷன் இல்லாத லூப். வருஷக்கணக்கா இது ஓடி நுரையீரல் தழும்பாயிடும். வேலையை விட்ட பிறகும் நோய் வளர்றதுக்குக் காரணம் இதான். தழும்பைத் திரும்ப நுரையீரலாக்கற மருந்து இன்னிக்கும் இல்லை.

(மெரினா மணலும் சிலிகாதானே, அங்க விளையாடினா வருமான்னு ஒரு ஃப்ரெண்டு கேட்டான். வராது. அந்த மணல் பெருசு, மூக்கைத் தாண்டாது. புதுசா உடைச்ச தூளுக்குத்தான் வீரியம் ஜாஸ்தி.)

அரியலூர்க் கதை கொஞ்சம் வேற. அது ஒரு காலத்துல கடல். அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்லாலதான் இத்தனை சிமெண்ட் ஆலை. சுண்ணாம்பு அமிலத்துல கரையும், குவார்ட்ஸ் அளவுக்கு லூப் போடாது. அதுக்காக அது பவுடர் இல்லை, இருமலும் மூச்சிரைப்பும் அதுலயும் உண்டு. ஆனா கருங்கல் உடைக்கிற பெரம்பலூர்க்காரருக்கு வர்றது வேற ஆபத்து. 'எல்லாம் தூசிதானப்பா'ன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன்.

வெல்லத்துக்கு வருவோம். 1994ல லக்னோ நச்சியல் ஆய்வு மையத்துக்காரங்க எலிக்கு வெல்லம் குடுத்துப் பார்த்து, துகள் நுரையீரல்ல இருந்து நகர உதவுதுன்னு எழுதினாங்க. சித்தப்பா கேட்டா துள்ளிக் குதிப்பார். ஆனா அது எலி, நாம மனுஷங்க. சாப்பிடுங்க, தப்பில்லை. கல் உடைக்கற எடத்துல தண்ணி தெளிக்கறதுக்குப் பதிலா வெல்லம் குடுத்து அனுப்பறதுதான் அநியாயம். துண்டு கட்டிக்கிட்டாலும் அஞ்சு மைக்ரான் உள்ள போகும். தண்ணி தெளிக்கணும், ஈரமா வெச்சுத் துளை போடணும், கிரஷரை மூடி வைக்கணும். செலவு பண்ண வேண்டியது முதலாளி.

இன்னொரு கொடுமை, எக்ஸ்ரேல இது டிபி மாதிரியே தெரியும். ஆறு மாசம் டிபி மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிக்காது. நெஜமாவே டிபியும் சேர்ந்து வரலாம், ஏன்னா கல்லைத் தின்னு அடிபட்ட மேக்ரோஃபேஜால டிபி கிருமியோட சண்டை போட முடியாது. அதனால டாக்டர் கேக்க வேண்டிய முதல் கேள்வி 'என்ன வேலை பாத்தீங்க?'. 1940கள்லயே கோலார் தங்கவயல்ல நம்மாளுங்க நெஞ்சுல பார்த்த நோய் இது. 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே அரசுக்குத் தெரிவிச்சே ஆகவேண்டிய நோய்ப் பட்டியல்ல இருந்துச்சு. தினக்கூலிக்கு வந்து போறவர்கிட்ட வேலை பாத்ததுக்குச் சீட்டே இல்லைன்னா யார் தெரிவிப்பா, நஷ்டஈடு யார் தருவா?

ராஜஸ்தான் 2019ல தனிக் கொள்கையே போட்டுச்சு. நோய் உறுதியானா 3 லட்சம், இறந்தா குடும்பத்துக்கு 2 லட்சம். தொகை போதுமாங்கறது வேற விஷயம். அந்த மாதிரி ஒண்ணு நம்ம பக்கமும் வேணும்னு நான் நினைக்கறேன். சீட்டு இல்லாட்டியும் நுரையீரல்ல இருக்கற கல்லே சாட்சியா எடுத்துக்கணும்.

ஆலத்தூர், வேப்பந்தட்டை பக்கம் இருக்கறவங்க, உங்க ஊர் கிரஷர்ல தண்ணி தெளிக்கறாங்களான்னு பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.