நூறு யென் ராக்ஷஸன்

பொம்மையைப் பற்றியும் ஒரு தலையங்கமா என்று நம் நேயர்களிற் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். விஷயம் பொம்மையைப் பற்றியதுதான். ஆயினும் அதற்குள் விலை, பதுக்கல், சட்டம் ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன. ஜப்பான் தேசத்தில் ராக்ஷஸ யந்திர மனிதர்களின் உருவங்களை விரலளவிலும் சாணளவிலும் வார்த்துச் சொற்ப விலைக்கு விற்பதும், சிறுவரும் பெரியோரும் அவற்றைச் சேகரித்து வைப்பதும் வெகுகால வழக்கம். ஏழைச் சிறுவனுக்கும் எட்டும் பொருளாயிருந்த இதனைச் சமீப வருஷங்களில் கொள்ளை லாபக்காரர் கைப்பற்ற முயல்வதைக் கண்டே நாம் இதை எழுதத் துணிந்தோம்.

யுத்தத்தில் தோல்வியுற்றுப் பட்டணங்கள் சாம்பலாய்க் கிடந்த 1945-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், கோஸுகே மாத்ஸுஸோ என்னும் பொம்மைத் தொழிலாளர் உபயோகித்தெறிந்த தகர டப்பாக்களை வெட்டிச் சிறு ஜீப் வண்டிகள் செய்தார். அவை கியோத்தோவில் பத்து யென் விலைக்கு விற்பனையாயின. வென்றவனுடைய வண்டியைத் தோற்றவன் பொம்மையாக்கிப் பிழைத்தான் என்று சொல்லலாம். 1947 முதற்கொண்டு சில காலம், அந்நாட்டிலிருந்து வெளியே சென்ற பொம்மைகளின் அடியில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது’ என்ற முத்திரை இருந்தது. விளையாட்டுச் சாமானிலும் இத்தகைய முத்திரையைத் தாங்க நேர்ந்த ஜாதி, பின்னர் உலகத்துக்கே பொம்மை விற்றது.

ராக்ஷஸ யந்திரம் பிறந்ததும் அக்காலத்தின் நினைவிலிருந்துதான். 1956-ல் யோகோயாமா மித்ஸுதேரு வரையத் தொடங்கிய தெத்ஸுஜின் 28 என்னும் சித்திரக்கதையில், யுத்தத்துக்கென்று ஆக்கப்பட்ட இரும்பு மனிதன் ஒரு சிறுவனுடைய கைப்பெட்டியின் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறான். பெட்டி துஷ்டன் கையில் சிக்கினால் துஷ்டனுக்கே கீழ்ப்படிகிறான்! 1972-ல் நாகாய் கோ என்பவரின் மஸிங்கர் இஸட் வந்தபோது, இளைஞனே ராக்ஷஸனின் தலைக்குள் ஏறி உட்கார்ந்து அதை நடத்தினான். பதினெட்டு மீட்டர் உயரமுள்ள ராக்ஷஸன் குழந்தையின் உள்ளங்கையில் வந்து அடங்குகிறபோது, அதுகாறும் யாவரையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த குழந்தையே ராக்ஷஸனாகிவிடுகிறது. இந்தச் சிறு உருவங்களின் வசீகரம் இதில்தான் இருக்கிறதென்பது நமது அபிப்பிராயம்.

1974-ல் பாண்டாய் கம்பெனியின் கிளையாகிய போப்பி, துத்தநாகக் கலவையில் வார்த்த மஸிங்கரை விற்றது. கதையில் வரும் அதிசய உலோகத்தின் பெயரையே, அதாவது ‘சோகொகின்’ என்பதையே, அதற்கும் சூட்டியது. அது கைக்குக் கனமாயிருந்தது. விலையும் சற்றுக் கனமே. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உபகாரமானது 1982-ல் அதே போப்பி வெளியிட்ட யந்திர மனிதர் வரிசை. மோட்டாராகவும் விமானமாகவும் மடங்கி மீண்டும் மனித உருவாய் விரியும் அச்சிறு பொம்மைகள் ஒவ்வொன்றுக்கும் விலை 600 யென். வரிசைக்கே ‘600’ என்று பெயர் நிலைத்துவிட்டது. விலையையே பெயராக அணிந்த பொம்மை வேறெங்கும் உண்டோ, அறியோம். அமெரிக்கர் அவற்றை வாங்கி வேறு பெயரிட்டு விற்றார்கள். தக்காரா கம்பெனியின் இதேவிதமான பொம்மைகளே 1984 முதல் ‘டிரான்ஸ்பார்மர்ஸ்’ என்ற நாமத்துடன் உலகை வலம் வந்தன.

எனினும், மலிவு விலையின் மகிமையைக் காட்டக் கண்டாம் சரித்திரமே போதும். தோமினோ யோஷியுகி இயக்கிய இந்தத் தொலைக்காட்சித் தொடர் 1979 ஏப்ரலில் ஆரம்பித்தது. பார்ப்போர் தொகை குறைவாயிருந்தபடியால், 52 வாரம் நடக்கவேண்டியதை 43 வாரத்தோடு 1980 ஜனவரியில் முடித்துக் கட்டினார்கள். தொடர் செத்ததென்று எல்லோரும் கருதிய பின்னர், அவ்வருஷம் ஜூலையில் பாண்டாய் கம்பெனி கண்டாமின் பிளாஸ்டிக் உருவத்தைப் பகுதி பகுதியாகப் பெட்டியிலிட்டு 300 யென்னுக்கு விற்றது. 144-ல் ஒரு பங்கு அளவு. நிற்கவைத்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். கதையில் எதிரிப் படையின் சாமானிய வீரர் ஓட்டிய யந்திரங்களுக்கும் பெட்டிகள் வந்தன. ஒரு பெட்டி வாங்கியவன் படையொன்றைத் திரட்ட ஆசைப்பட்டான். விலை குறைவானதால் அது கைகூடியது. செத்த கதை பிழைத்தெழுந்தது. 1981-லும் 1982-லும் அது திரைப்படமாயிற்று. மோகம் எல்லை மீறியதும் உண்டு. 1982 ஜனவரியில் சீபா மாகாணத்திலுள்ள கடையொன்றில், பெட்டி வாங்க முண்டியடித்த சிறுவர் நகரும் படிக்கட்டில் ஒருவர்மேலொருவர் விழுந்து காயமுற்றனர்.

இதனினும் மலிவு, காசு போட்டுத் திருகினால் உருண்டை விழும் பெட்டி. அமெரிக்காவிலிருந்து 1965-ல் ஜப்பானுக்கு வந்த இந்த யந்திரத்தில் 1977-ல் பாண்டாயும் பிரவேசித்து, 100 யென் உருண்டைகளைப் பரப்பியது. திருகும் சத்தமும் விழும் சத்தமும் சேர்ந்து ‘காஷாபோன்’ என்று பெயராயிற்று. 1985 முதல், பெருந்தலையும் குட்டைக் காலுமான கண்டாம் உருவங்கள் அதிலிருந்து விழுந்தன. எது விழும் என்பது திருகுகிறவனுக்குத் தெரியாது. இது சூதுதானே என்பர் சிலர். ஓரளவு சூதுதான், நாம் மழுப்பவில்லை. ஆனால், ஒரே பொம்மை இரண்டு கிடைத்தவன் அடுத்த வீட்டுப் பையனுடன் மாற்றிக்கொண்டான். கைப்பேசி விளையாட்டுகளில் சீட்டுகளின் முழுத் தொகுதியைச் சேர்த்தவனுக்கு விசேஷப் பரிசு என்று ஆசைகாட்டிப் பணம் பறித்தபோதோ, அது சட்டவிரோதமென்று ஜப்பானிய நுகர்வோர் இலாகா 2012-ல் அறிவித்துத் தடுத்தது. நூறு யென் சூதுக்கும் முடிவில்லாத சூதுக்கும் உள்ள பேதத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

சில வருஷங்களுக்கு முன் தோக்கியோ நகரின் நகானோ பகுதியில் பழம்பொம்மைக் கடையொன்றினுள் நுழைந்தோம். கண்ணாடி அலமாரியில், உறை பிரிக்காத யந்திர மனிதன் ஒருவன் விளக்கொளியில் வீற்றிருந்தான். அவன் விலையைக் கேட்டதும் பின்வாங்கினோம். வாசலருகே ஒரு தட்டில் அதே உருவம், மூக்கு வர்ணம் உதிர்ந்து, ஒரு கை தளர்ந்து, நூறு யென்னுக்குக் கிடந்தது. அதன் பாதத்தின் அடியில் யாரோ ஒரு குழந்தை தன் பெயரைக் கோணல் மாணலாக மையால் எழுதியிருந்தது. பெயர் எழுதியதால் மதிப்புக் குறைந்ததென்றார் கடைக்காரர். வக்கீல் தொழிலில் பாத்தியதைப் பத்திரங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். இவ்வளவு தெளிவானதைப் பார்த்ததில்லை. அதையே வாங்கி வந்தோம்.

இப்போது நடப்பதென்ன? 2020-க்குப் பிறகு கண்டாம் பெட்டிகளுக்கு நேர்ந்த தட்டுப்பாட்டில், மறுவிற்பனைக்காரர் கடை திறக்குமுன் வரிசையில் நின்று கிடைப்பதையெல்லாம் வாரிக்கொண்டு, அன்று மாலையே இரட்டை விலை கூறலாயினர். கடைக்காரர்கள் ஒருவருக்கு ஒன்றே என்று வரையறுத்தும், குலுக்கிப் போட்டும் சமாளித்தார்கள். அந்நாட்டில் 2019 முதல் நாடகச் சீட்டுகளைக் கள்ளவிலைக்கு மறுவிற்பனை செய்வது குற்றம். 2020-ல், தொற்றுநோய்க் காலத்தில், முகமூடிக்கும் அத்தகைய தடை வந்தது. பொம்மைக்கு இல்லை. இருக்கவேண்டுமென்று நாம் கேட்கவுமில்லை. பையன்களைப் பிடிக்கப் போலீஸை ஏவும் சட்டம் பையன்களுக்கு நன்மை செய்யாது.

வாங்கியவன் தன் பொருளை இஷ்டப்பட்ட விலைக்கு விற்கலாகாதா, அருமைக்குத் தக்கபடி விலை ஏறுவது இயல்பன்றோ என்பது எதிர்க்கட்சியின் வாதம். ஓவியத்துக்கு அது பொருந்தும். வார்ப்புப் பொம்மைக்கோ பெருஞ்செலவு எஃகு அச்சைக் கடைவதில்தான்; அச்சு முடிந்தபின் அடுத்தடுத்த வார்ப்புக்கு ஆவது அற்பம். 1980-ன் 300 யென் கண்டாம் நாற்பது வருஷத்துக்குப் பின்னும், வரி நீங்கலாக, அதே விலைக்கு மறுபடி வார்க்கப்பட்டு வந்தது. ஆகையால் இங்கே அருமை என்பது பொருளின் குணமன்று. இன்று வார்த்ததற்கும் நாளை வார்க்கப்போவதற்கும் இடையிலுள்ள சில மாதங்களே. பதுக்கல்காரன் விற்பது அந்த மாதங்களைத்தான். பெரியோருக்கென்று 1997 முதல் வரும் விலையுயர்ந்த சோகொகின் வரிசையோடு நமக்கு வழக்கில்லை, பணமுள்ளவர் வாங்கட்டும்.

நம் நாட்டில் பொம்மை இறக்குமதித் தீர்வை 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டதால், இங்குள்ள சேகரிப்பாளர் படும் பாடு தனிக் கதை. அதைப் பிறிதொரு நாள் விசாரிப்போம். பாண்டாய் கம்பெனியார் 2020-ல் 700 யென்னுக்கு, பசையும் கத்தரியும் வேண்டாத கண்டாம் ஒன்றை வெளியிட்டனர். மலிவின் நெறியை அவர்கள் மறக்கவில்லையென்பதற்கு இதுவே சாக்ஷி. அவர்கள் செய்யவேண்டியது இன்னும் ஒன்றுண்டு. எந்த அச்சு எந்த மாதத்தில் மறுபடி வார்க்கப்படும், எத்தனை பெட்டி வரும் என்பதை ஒரு வருஷம் முன்னதாகவே ஒவ்வொரு கடை வாசலிலும் எழுதி ஒட்டட்டும். பையன் படித்துப் பார்த்துக் காத்திருப்பான். மூட்டை மூட்டையாய் அடுக்கி வைத்திருப்பவனுக்கு அவ்வளவு பொறுமை இராது.