அபராதம் கட்டுவதா, வழக்காடுவதா?

சில வாரங்களுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி ஒன்று வந்தது. சிக்னலில் நிறுத்தக் கோட்டைத் தாண்டி நின்றதற்காக ரூ.500 அபராதம் என்றது. அபராதச் செய்தி என்ற பெயரில் போலிச் செயலிகளை அனுப்பிப் பணம் பறிக்கும் கூட்டம் பெருகிவிட்ட காலம் இது. எனவே அதிலிருந்த இணைப்பைத் தொடாமல் அரசின் இணையதளத்துக்கு நேரடியாகச் சென்று வண்டி எண்ணை இட்டுப் பார்த்தேன். செய்தி உண்மைதான். சான்றாகப் படமும் இருந்தது. என் ஸ்கூட்டர், என் தலைக்கவசம், எதிரே சிவப்பு விளக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. தெரியாதது ஒன்றே ஒன்று, அந்த நிறுத்தக் கோடு.

அந்தச் சந்திப்பில் குழாய் பதிப்பதற்காகச் சாலையைத் தோண்டி, மூடி, மேலே தார் போட்டார்கள். கோடு மட்டும் மறுபடி போடப்படவில்லை. தாண்டியதாகச் சொல்லப்படும் கோடு தரையில் இல்லை. கேமராவின் கணக்கில் மட்டும் இருக்கிறது.

இனி என்ன செய்வது? நண்பர்களைக் கேட்டேன். ஒருவர்கூட வழக்காடச் சொல்லவில்லை. “ஐந்நூறு ரூபாய்க்கு யாராவது கோர்ட்டுக்குப் போவார்களா?” என்பதே எல்லோருடைய பதிலும். வழக்குரைஞரான உறவினர் ஒருவர் கணக்கே போட்டுக் காட்டினார். ஒரு நாள் விடுப்பு, போகவர ஆகும் செலவு, வாய்தா கிடைத்தால் இன்னொரு நாள். வென்றாலும் மிஞ்சப்போவது அந்த ஐந்நூறுதான்.

இந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால், அதில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. நாம் அபராதம் என்று சொல்லிக் கட்டும் தொகைக்குச் சட்டப்படி இணக்கக் கட்டணம் என்று பெயர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு இதற்கு வழிசெய்கிறது. பணத்தைக் கட்டினால் வழக்கு முடிந்தது என்றே பலரும் நினைக்கிறோம். 2019-ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பிரிவில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. இணக்கமாக முடித்துக்கொண்டாலும், அடுத்த முறை அதே குற்றம் நிகழும்போது இது முந்தைய குற்றமாகவே கொள்ளப்படும். நிறுத்தக் கோட்டு மீறல் போன்றவற்றுக்கு முதல்முறை ரூ.500, அடுத்தடுத்த முறைகளுக்கு ரூ.1,500. ஆகவே, தொல்லை தீர்ந்தால் போதும் என்று நான் பணம் கட்டியிருந்தால், செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒரு பதிவும் சேர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட கட்டணங்கள் நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில். தலைக்கவசம் அணியாததற்கு ரூ.100 என்றிருந்தது ரூ.1,000 ஆயிற்று. உரிமமின்றி ஓட்டினால் ரூ.5,000. இந்த உயர்வை நான் எதிர்க்கவில்லை. அந்த ஓராண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாதவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம். நானே முன்பொரு முறை ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்து பிடிபட்டேன். தவறு என்னுடையது, மறுபேச்சின்றிக் கட்டினேன். அன்று எனக்கு இந்தத் தடுமாற்றமெல்லாம் இல்லை.

தொகை பத்து மடங்கு உயர்ந்தபோது, அதை மறுப்பதற்கான வழியும் அந்த அளவுக்கு எளிதாகியிருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி. பணம் கட்ட இரண்டு நிமிடம் போதும். மெய்நிகர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனாலும் அப்படித்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் திரையிலேயே எல்லாம் முடிந்துவிடும். மறுக்கிறேன் என்று தெரிவு செய்த கணத்தில் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படுகிறது. அதன்பின் தேதி, வாய்தா, காத்திருப்பு. எனக்காவது விடுப்பு எடுக்க முடியும். எங்கள் தெருவுக்கு உணவு கொண்டுவரும் இளைஞருக்கு ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் அன்றைய வருமானமே இல்லை. தம்பியிடம் இதைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தேன். “எது சரி, எது தப்புன்னு நான் பாக்குறதே இல்லைங்க சார், வந்தா கட்டிடுவேன்” என்றார். நாளெல்லாம் சாலையிலேயே இருப்பவர் அவர். கேமராவின் பிழைக்கு என்னைவிட அதிகம் ஆட்பட வாய்ப்புள்ளவரும் அவரே. ரூ.1,500 என்ற விகிதம் முதலில் போய்ச் சேரும் இடமும் அவருடைய கைப்பேசிதான்.

கட்டவும் செய்யாமல் வழக்காடவும் செய்யாமல் சும்மா இருப்பவர்கள் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்குச் சில மாநிலங்கள் பரிசே தந்தன. நிலுவை அபராதங்களுக்குத் தெலங்கானா 2022-இல் இருசக்கர வாகனங்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி அளித்தது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் 50 சதவீதம் அளித்தது. ஒழுங்காக உடனே கட்டியவர்தான் அங்கே ஏமாளி.

கேமராவைக் கண்மூடி நம்ப வேண்டும் என்று விதிகளே சொல்லவில்லை. 2021-இல் சேர்க்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, கண்காணிப்புக் கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்கிறது. குற்றம் நிகழ்ந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், வழக்கு முடியும்வரை மின்னணுப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்றும் கூறுகிறது. சலானைப் பெறும் எத்தனை பேருக்கு இவை தெரியும்? கட்டு என்று சொல்லும் அதே செய்தியில், கருவியின் சான்று எந்தத் தேதி வரை செல்லும், ஆட்சேபம் இருந்தால் எங்கே பதிவு செய்யலாம் என்று இரண்டு வரி சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஆட்சேபத்தை, சலான் அனுப்பிய அலுவலர் அல்லாத வேறொருவர் பார்த்து, காரணத்தோடு எழுத்தில் பதில் தரவேண்டும். நீதிமன்றம் அதற்கு அடுத்த கட்டமாக இருக்கட்டும். கோடு அழிந்த படம், எண்ணைத் தவறாக வாசித்த கேமரா, விற்றுப் பல காலமாகியும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும் வண்டி ஆகியவற்றில் பெரும்பாலானவை ஒரு மேசையில் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடக்கூடியவை.

இணையதளத்தில் முறையீடு செய்யும் பகுதி ஒன்று இப்போதும் இருக்கிறது. கோடில்லாத அந்தச் சாலையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, என் விளக்கத்தோடு அனுப்பினேன். பரிசீலனையில் உள்ளது என்ற ஒற்றை வரியே இன்றுவரை கிடைத்த பதில். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் மறுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். உறவினரான வழக்குரைஞர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும், தேதி வந்தால் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் மறுபடியும் அந்தச் சந்திப்புக்குப் போக நேர்ந்தது. கோடு இன்னமும் போடப்படவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கே நிற்பதென்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று நாலைந்து அடி முன்னதாகவே வண்டியை நிறுத்தினேன். பச்சை விழும்வரை பின்னால் நின்ற பேருந்து ஒலிப்பானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.